பதினான்கு ஊசிக்குப் பேரம் பேசிய சீரங்க நாயக்கர்

சீரங்க நாயக்கர் போன வியாழக்கிழமை காலையில் இறந்துபோனார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். சரியான வயதை அவர் யாரிடமும் சொன்னதில்லை; கேட்டால், நீங்கள் எவ்வளவு மதிக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார். கம்மங்கூழ் குடித்துவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ரெட்டியார்சத்திரத்திலிருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டர் என் தோல் கிடங்கு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, படியில் நின்றபடியே செய்தியைச் சொன்னார். அதே பஸ் திரும்பும்போது நான் அதில் ஏறினேன்.

சாவு வீட்டில் ஒரு காரியம் நடந்தது. பூத்தேர் கட்டுகிறவர் ஒரு தொகை சொன்னார். நாயக்கரின் மகன் மறுபேச்சில்லாமல் சரி என்று தலையாட்டிவிட்டான். கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மெதுவாக, "நாயக்கரு இப்ப எந்திரிச்சு உக்காரப் போறாரு பாருங்க" என்றார். அத்தனை பேரும் கட்டிலைப் பார்த்தோம். அவர் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, மனிதர் நிஜமாகவே போய்விட்டார் என்று.

நம் வியாபாரிகள் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவருக்கு மாடு விற்றவர்கள், மீதிப் பேர் அவரிடம் வாங்கியவர்கள். இரண்டு தரப்புக்கும் அவர் மேல் ஆதங்கம் உண்டு. எனக்கும் உண்டு. ஆனாலும் நான் எழுதப்போவது சந்தையில் நடந்த பேரத்தை அல்ல. ஆஸ்பத்திரியில் நடந்த பேரத்தை.

முதலில் செவலைக் காளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்கடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து விரலால் பேசுவோம். நீட்டிய விரல் எத்தனையோ அத்தனை ஒன்று, அத்தனை பத்து, அத்தனை நூறு; எது என்பது சரக்கைப் பார்த்தாலே விளங்கும். செவலையை வாங்கிய அன்று நாயக்கர் காலையில் நுழைத்த கையைத் துண்டுக்கடியிலிருந்து உச்சி வெயிலில்தான் எடுத்தார். விலை முடிந்தபின் விற்றவர் காளையின் கொம்பிலிருந்த பித்தளைக் குப்பிகளைக் கழற்றப் போனார். நாயக்கர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கொம்பு மாட்டோட சேந்தது. குப்பி கொம்போட சேந்தது. அப்புறம் எதைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோகப் போறீரு?" என்று கேட்டார். குப்பிகள் செவலையோடு அவர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. ஏற்கெனவே அவரிடம் இருந்த மயிலைக் காளைக்கு அது ஜோடி.

நயா பைசா வந்த வருஷத்துக் கோடையில் ஒரு நல்ல மழை பெய்தது. காய்ந்து கிடந்த வாய்க்கால் கரையில் புல் எட்டிப்பார்த்தது. செவலை இரண்டு நாள் அங்கே மேய்ந்தது. மூன்றாம் நாள் விடியும்போது செத்துக் கிடந்தது. மூக்கிலிருந்து கறுப்பாக ரத்தம் வடிந்து உறையாமல் நின்றது. நாயக்கர் அழுதார். அழுதுகொண்டே அரிவாள் நுனியை விட்டு நெம்பிக் குப்பிகளைக் கழற்றினார். வேறு யாரையும் தொட விடவில்லை. இரண்டாவது குப்பி சட்டென்று கழன்று வந்ததில் அதன் விளிம்பு அவருடைய வலது மணிக்கட்டைக் கீறிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

மாட்டு டாக்டர் சைக்கிளில் வந்து பார்த்தார். இது அடைப்பான் நோய், தோலை உரிக்கக் கூடாது, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும், தொட்டவர்கள் நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும், யாருக்காவது கையில் காலில் கீறல் இருந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். மற்ற மாடுகளுக்குத் தடுப்பூசியும் போட்டார். நாயக்கர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கையைத் துண்டுக்குள் வைத்தபடி நின்றிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டேன். "அவரு மாட்டு டாக்டரு. எனக்கு என்ன வாலா இருக்கு?" என்றார்.

பத்தாம் நாள் நான் போனேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், துக்கம் விசாரிக்கப் போகவில்லை. காளை செத்தது என்று கேள்விப்பட்டேன், என்ன நோய் என்று கேள்விப்படவில்லை. தோலை யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்க்கத்தான் போனேன். நாயக்கர் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெயில் நேரத்தில் போர்வை போர்த்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"வாங்க ராவுத்தரே. தோலுக்குத்தானே வந்தீங்க? புதைச்சாச்சு."

சரி, போகட்டும் என்று திரும்பப் பார்த்தேன்.

"செத்த நேரம் உக்காருங்க. புதைச்சாச்சுதான். இருந்தாலும் எம்புட்டுக்குக் கேட்டிருப்பீங்க, அதைச் சொல்லுங்க."

மண்ணுக்குள் போய்விட்ட தோலுக்கு விலை பேச இந்த ஜில்லாவில் இன்னொருவர் இல்லை. அவர் துண்டை விரித்தார். பழக்க தோஷம், நானும் கையை உள்ளே விட்டேன். பிடித்த மாத்திரத்தில் எனக்குத் திக்கென்றது. கை அடுப்புக் கல் மாதிரி சுட்டது. சுரைக்காயாக வீங்கியிருந்தது. எத்தனை விரல் காட்டுகிறார் என்று தெரியவில்லை. ஒரு விரலும் மடங்கவில்லை. துண்டைத் தூக்கிப் பார்த்தேன். மணிக்கட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். நடுவில் அடுப்புக்கரி போலக் கறுப்பு, சுற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளம்.

அந்தப் புண்ணை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நான் கிடங்கு வைப்பதற்கு முன், அடுத்தவர் கிடங்கில் பச்சைத் தோல் சுமந்து பிழைத்த காலத்தில், என்னோடு சுமந்த காதர் அண்ணனுக்குப் பிடரியில் இதே புண் வந்தது. வலிக்கவில்லை என்று சிரித்துக்கொண்டு இன்னும் நாலு கட்டுத் தோல் இறக்கினார். புண் கறுத்த நாலாம் நாள் மவுத்தாகிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு டாக்டர் சொன்னார், மாட்டிலிருந்து மனிதனுக்கு வருவது, ஊசி மருந்து வந்துவிட்டது, நேரத்தோடு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று.

கிணற்றடிக்குப் போய் மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து இதை நாயக்கரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அவரு கறுத்து எத்தனாம் நாளு போனாரு?"

"நாலாம் நாள்."

"எனக்குக் கறுத்து அஞ்சு நாளாச்சு. அப்ப நான் தாண்டியாச்சு."

இந்த மாதிரி ஆளை என்ன செய்வது? அதோடு, புண் வலிக்கவே இல்லை என்றார். வலிக்காத புண்ணுக்கு வைத்தியம் பார்ப்பது கேட்காத கடனைக் கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரி என்றார். அவர் மனைவி ராமக்கா பத்து நாளாக வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தது. அது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, ராவுலயெல்லாம் நடுங்குறாரு. ஆஸ்பத்திரின்னா வரமாட்டேங்குறாரு. எதுக்குன்னு கேட்டா, விலை பேச முடியாத எடத்துக்கு நான் போறதில்லைங்குறாரு" என்றது. கண்ணில் தண்ணீர் நின்றது.

நான் திரும்ப வந்து, "நாயக்கரே, அங்கேயும் பேசலாம். நான் கூட வாரேன்" என்றேன்.

"பேசலாமா?"

"பேசி முடிக்காம ஊசி போட விடமாட்டேன்."

உடனே எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பஸ்ஸில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் திண்டுக்கல் வருகிற வழியில் கண்டக்டரிடம் டிக்கெட்டுக்கு விலை குறைத்துக் கேட்பார். கிடைக்காது என்று தெரியும், கேட்காமல் விடுவது அவருக்கு வழக்கமில்லை. அன்றைக்குக் கண்டக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு மடியை அவிழ்த்து அப்படியே எடுத்துக் கொடுத்தார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் முழுசாகப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் இளவயசுக்காரர், பட்டணத்தில் படித்தவர். புண்ணைப் பார்த்ததும் என்னை வெளியே அழைத்துப்போனார். பென்சிலின் ஊசி நாளுக்கு இரண்டு வீதம் ஏழு நாள், பதினான்கு போட வேண்டும், நடுவில் ஒன்றுகூட விடக் கூடாது, ஏற்கெனவே தாமதம், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார்.

"அவர்கிட்ட இருபத்தெட்டுன்னு சொல்லுங்க சார்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இது ஆஸ்பத்திரியா, தோல் மண்டியா என்று கேட்டார். நான் நிதானமாக விளக்கினேன்: பதினான்கு என்று சொன்னால் அவர் ஏழுதான் போட்டுக்கொள்வார்; மீதி ஏழைப் போட நீங்கள் ஊசியை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக அவரைத் தேட வேண்டியிருக்கும். டாக்டர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே போனார், நானும் பின்னால் போனேன்.

"பெரியவரே, இருபத்தெட்டு ஊசி போடணும்."

நாயக்கர் காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்தார். ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஆறு" என்றார்.

டாக்டருக்கு வியாபாரம் தெரியவில்லை. எடுத்த எடுப்பில் பதினெட்டுக்கு இறங்கிவிட்டார். நான் அவர் காலை மிதித்தேன். நாயக்கர் இடது கையால் துண்டை எடுத்து டாக்டரின் கைமேல் போட்டு, முதலில் ஐந்து விரல், பிறகு இரண்டு என ஏழு என்று அழுத்தினார். டாக்டர் திருதிருவென்று என்னைப் பார்த்தார். இதற்குள் நர்ஸம்மா வந்து எதையும் கேட்காமல் முதல் ஊசியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த ஊசி கணக்கில் சேருமா, சேராதா என்று தனியாக ஒரு பேச்சு நடந்தது. சேரும் என்று முடிவாயிற்று. பதினேழு, எட்டு, பதினாறு, பத்து என்று போய்க் கடைசியில் டாக்டர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பதினாலுக்குக் கீழ ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குக் கட்டாது" என்றார். அரை மணி நேரத்தில் வியாபாரத்தில் நன்றாகத் தேறிவிட்டார். நாயக்கர் என்னைப் பார்த்து, பாதிக்குப் பாதி அடித்துவிட்டேன் பார்த்தீர்களா என்பதுபோலத் தலையசைத்தார். பிறகு மயங்கிவிட்டார்.

இரண்டாம் நாள் வீக்கம் முழங்கையைத் தாண்டியது. மூன்றாம் நாள் தோள்பட்டைக்கு வந்தது. டாக்டர் என்னிடம் பேசும்போது கண்ணைப் பார்க்கவில்லை. ராமக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது. மத்தியானம் நாயக்கர் என்னைக் கிட்ட வரச் சொன்னார்.

"ராவுத்தரே, நான் போயிட்டா மயிலையை அடிமாட்டுக்கு விடக் கூடாது. அது தானாச் செத்தாலும் அது தோலு உங்க கிடங்குக்கு வரக் கூடாது. செவலைக்குப் பக்கத்துலயே புதைக்கணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன்.

அவர் முகம் வெளிறிப்போயிற்று. 

"ஒரு வார்த்தை குறைச்சுப் பேசாம ஒத்துக்கிட்டீங்களே. அப்ப நான் பிழைக்க மாட்டேனா?"

நான் கட்டிலுக்கு இன்னும் கிட்ட நகர்ந்தேன். "தோல் வேண்டாம். கொம்பு?" என்றேன்.

"கொம்பும் கிடையாது."

"குளம்பு?"

"அதுவும் கிடையாது. என்னய்யா ஆளு நீங்க, சாகக் கிடக்குறவன்கிட்ட."

"வால் முடியாவது குடுங்க. பிரஷ்ஷுக்கு வாங்க ஆள் இருக்கு."

"வால் முடி மட்டும் எடுத்துக்கங்க. அதுவும் பாதி" என்றார். குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. மீதிப் பாதி முடி யாருக்கு என்று நான் விடாமல் கேட்டேன், அவர் விடாமல் பதில் சொன்னார். நர்ஸம்மா வந்து என்னை வெளியே அனுப்பும்வரை பேசினோம். ராமக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததா சிரித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான்காம் நாள் வீக்கம் அங்கேயே நின்றது. ஐந்தாம் நாள் இறங்க ஆரம்பித்தது. என் சாமர்த்தியத்தால் என்று நான் சொல்லமாட்டேன். மருந்து நல்ல மருந்து, டாக்டர் நல்ல டாக்டர். ஏழாம் நாள் பதினான்காவது ஊசியும் போட்டாயிற்று. அவர் எழுந்து உட்கார்ந்து, டாக்டரை அழைத்து, "பதினாலு வாங்கினவனுக்குக் கொசுறா ஒண்ணு போடமாட்டீங்களா?" என்று கேட்டார். ஊசி வேண்டாம் என்று வந்த ஆள். டாக்டர் போய் ஒரு சத்து ஊசியை எடுத்துவந்து போட்டார். அவரைப்போல ஒரு டாக்டர் நம் ஊரை விட்டு மாற்றலாகிப் போனது எனக்கு இன்னும் வருத்தம்.

புண் ஆறியதில் மணிக்கட்டுத் தோல் சுருங்கி, ஆள்காட்டி விரல் நிரந்தரமாக நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மடக்க முடியாது. இதனால் சந்தையில் வந்த குழப்பம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். துண்டுக்கடியில் அவர் கையைப் பிடித்தால் எப்போதும் ஒரு விரல் கூடுதலாக இருக்கும். விற்கும்போது அந்த விரல் கணக்கில் உண்டு. வாங்கும்போது, அது நோவு வந்த விரல், அதை விட்டுவிட்டுப் பாருங்கள் என்பார். இதை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர் யாராவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்தவும்.

இன்னொன்று. ஆறேழு வருஷம் கழித்து, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு மனசு கேட்காமல் இருபத்தெட்டு ஊசி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் டம்ளரை ஆற்றிக்கொண்டே, "தெரியுமே" என்றார்.

"எப்படி?"

"டாக்டரு சொல்றப்ப நீங்க சுவத்தைப் பாத்தீங்க. சரக்குல பொய் சொல்றப்ப உங்களுக்கு அதான் வழக்கம்."

"தெரிஞ்சுமா அம்புட்டு நேரம் பேசினீங்க?"

"பேசாம வாங்குன மருந்து உடம்புல ஒட்டுமா?" என்றார். அன்றிலிருந்து நான் பேரம் பேசும்போது சுவர் பக்கம் பார்ப்பதில்லை. இது அவரால் எனக்குக் கிடைத்த லாபம்.

செவலை போனபிறகும் மயிலை நாலைந்து வருஷம் உழுதது. கிழடாகிப் படுத்துச் செத்தது. நோய் ஒன்றுமில்லை, நல்ல தோல். சொல்லியனுப்பினார்கள். ஒரு மூட்டைச் சுண்ணாம்போடு போனேன். செவலைக்குப் பக்கத்தில் புதைத்தோம். வால் முடியில் பாதி எனக்குச் சேர வேண்டியது. நான் கேட்கவில்லை, அவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. எங்களுக்குள் பேசி நடக்காமல் போன ஒரே ஒப்பந்தம் அது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் போய்ச் செவலையின் குப்பிகள் இரண்டையும் எடுத்துவந்தார். டாக்டர் சொற்படி ராமக்கா அவற்றைச் சுண்ணாம்புக் காளவாயில் ஒரு பகல் முழுக்கப் போட்டு எடுத்திருந்தது, பித்தளை கறுத்துப்போயிருந்தது. ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு என்றார். சந்தோஷமாகக் கையை நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சும்மா கொடுத்தால் அதற்கு மரியாதை இல்லையாம். துண்டை விரித்தார்.

கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் உடனே ஒத்துக்கொண்டால் அவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் நினைவு வந்துவிடும். ஆகவே ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். இருட்டும்வரை பேசினோம். கடைசியில் அவர் கையில் நீட்டியிருந்தவை நாலு விரல். விற்கிறவர் அவர், அவர் சட்டப்படி நோவு வந்த விரலும் சேர்த்தி. நாலு ரூபாயை எண்ணி வைத்தேன். அவர் ஒரு ரூபாயை எடுத்து என் சட்டைப் பையில் திரும்பப் போட்டார்.

அந்தக் குப்பி என் கிடங்கு மேஜைமேல்தான் இருக்கிறது. காகிதம் பறக்காமல் வைக்க உதவுகிறது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். விலை மூன்று ரூபாய். அந்த விரலை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.